வங்கியில் இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பு, உறுதிப்பாட்டுக் குழுவை வழிநடத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்கி பிஸ்னஸ் பார்க்கிலும் மரினா பே வட்டாரத்திலும் உள்ள வங்கித் தொழில்நுட்பப் பிரிவுகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர், மென்பொருள் உருவாக்கத்திலிருந்தோ சர்வர் பராமரிப்பிலிருந்தோ பாதுகாப்புப் பக்கம் வர விரும்பும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. சில ஆண்டுகளாக ஒரு வங்கியில் இத்தகைய குழுவை நடத்தி வருகிறேன். விதிகளைப் பற்றிச் சொல்லியிருப்பவை சிங்கப்பூர் வங்கிகள் அனைத்துக்கும் பொருந்தும், கருத்துகள் என்னுடையவை.

இந்தக் குழுவின் வேலைதான் என்ன?

வங்கி புதிய செயலி ஒன்றை வெளியிடும்போதோ, பழைய மையக் கணினி அமைப்பை மாற்றும்போதோ, வெளி நிறுவனம் ஒன்றோடு தரவு பரிமாறத் தொடங்கும்போதோ, அந்த ஏற்பாட்டில் திருடன் எங்கே நுழையக்கூடும், நுழைந்தால் எவ்வளவு தூரம் போவான், எங்கே தடுப்பது, தடுக்க முடியாவிட்டால் எப்படிக் கண்டுகொள்வது என்பவற்றை முன்கூட்டியே சிந்தித்து வரைந்து கொடுப்பது கட்டமைப்புப் பணி. வரைந்தபடிதான் கட்டினார்களா, கட்டியது இன்றும் வேலை செய்கிறதா என்பதைச் சான்றோடு காட்டுவது உறுதிப்பாட்டுப் பணி. அலுவலகத்தில் அதை அஷ்யூரன்ஸ் என்றே சொல்கிறோம். இரவு பகலாகத் திரைகளைப் பார்த்துத் தாக்குதலைக் கண்காணிக்கும் குழு வேறு. அவர்கள் தூங்காமல் இருப்பதற்கு நாங்களும் ஓரளவு காரணம் என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மையும் உண்டு.

வரைபவரும் சோதிப்பவரும் ஒரே குழுவில் இருந்தால், தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போல ஆகாதா?

கவனிக்காவிட்டால் ஆகும். வங்கிகளில் மூன்று தற்காப்பு வரிசைகள் உண்டு: தொழிலையும் தொழில்நுட்பத்தையும் நேரடியாக நடத்துபவர்கள் முதல் வரிசை, இடர் மேலாண்மைப் பிரிவு இரண்டாவது, உள்தணிக்கை மூன்றாவது. எங்களைப் போன்ற குழு பெரும்பாலும் முதல் வரிசையில், தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியின் கீழ் அமைகிறது. ஆகவே நாங்கள் கொடுக்கும் உறுதிப்பாடு தணிக்கைக்கு மாற்றாகாது. இதை இயக்குநர் சபைக்கும் திட்டக் குழுக்களுக்கும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

குழுவுக்குள் நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. ஒரு வடிவமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தவர் அதைச் சோதிக்கக்கூடாது. சோதித்தவர் குறித்த தீவிரத்தின் அளவை வடிவமைத்தவரோ திட்ட மேலாளரோ குறைக்கக்கூடாது. நான் குறைக்கலாம்; ஆனால் காரணத்தை எழுதி என் பெயரையும் அதன் கீழ் இட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை வைத்த பிறகு, குறைக்கச் சொல்லி என்னிடம் வருபவர்களின் எண்ணிக்கை தானாகவே குறைந்தது.

இரண்டும் சேர்ந்திருப்பதால் பெரிய நன்மை ஒன்று உண்டு. நிரல்களுக்கு இடையே பயன்படும் கணக்குகளின் மறைச்சொற்களை அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைக்கும் தவறு, அடுத்தடுத்து மூன்று திட்டங்களில் எங்கள் சோதனையில் அகப்பட்டது. மூன்று முறை திருத்தச் சொல்வதோடு நிற்காமல், மறைச்சொல் பெட்டகத்தோடு இணைந்த வார்ப்பு (டெம்ப்ளேட்) ஒன்றைக் கட்டமைப்பாளர்கள் செய்து கொடுத்தார்கள். நான்காவது திட்டத்துக்கு அந்தத் தவறைச் செய்ய வாய்ப்பே இருக்கவில்லை. சோதனைப் பிரிவு வேறு மாடியில், வேறு மேலாளரின் கீழ் இருந்திருந்தால் அந்தச் செய்தி எங்களிடம் வந்து சேர ஓராண்டு ஆகியிருக்கும்.

விதிகளில் எவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்?

சிங்கப்பூர் நாணய ஆணையம் வெளியிடுபவற்றில் இரு வகை உண்டு. அறிவிக்கைகள் சட்டபூர்வமாகக் கட்டுப்படுத்துபவை. மீறினால் தண்டனை உண்டு. வழிகாட்டி நெறிமுறைகளை மீறுவது தன்னளவில் குற்றமாகாது. ஆனால் ஒரு வங்கியின் இடர் நிலையை மதிப்பிடும்போது அவற்றை எவ்வளவு பின்பற்றியது என்பதை ஆணையம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2013இல் வந்து, 2021 ஜனவரியில் விரிவாகத் திருத்தப்பட்ட தொழில்நுட்ப இடர் மேலாண்மை நெறிமுறைகள் இரண்டாம் வகை. “இது வெறும் நெறிமுறைதானே” என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் அதே வாக்கியத்தைச் சொல்ல அவர் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டுப்படுத்தும் அறிவிக்கைகளில் இரண்டு எங்களுக்கு அன்றாடச் சோறு. தொழில்நுட்ப இடர் மேலாண்மை அறிவிக்கையின்படி, மிக முக்கிய அமைப்பு ஒவ்வொன்றும் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் முடங்கியிருக்கக்கூடாது. முடங்கினால் 4 மணி நேரத்துக்குள் மீட்கப்பட வேண்டும். கடுமையான சம்பவம் தெரியவந்த 1 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூல காரணத்தை விளக்கும் அறிக்கையை 14 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இணையச் சுகாதார அறிவிக்கை ஆறு கடமைகளைச் சொல்கிறது: நிர்வாகி கணக்குகளைக் காத்தல், பேட்ச் இடுதல் (மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை நிறுவுதல்), எழுத்தில் உள்ள பாதுகாப்புத் தரநிலைகள், வலையமைப்பின் எல்லைக் காவல், தீநிரல் தடுப்பு, பல அடுக்குச் சரிபார்ப்பு. படிக்க ஆறு வரிகள்தாம். ஆயிரக்கணக்கான சர்வர்களிலும் ஆறு வரிகளும் உண்மை என்று ஒரு குறிப்பிட்ட நாளில் நிறுவிக்காட்டுவது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இவற்றுக்கு மேலே 2018ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முக்கியத் தகவல் உள்கட்டமைப்புக்கான 11 துறைகளில் வங்கித் துறையும் ஒன்று. அப்படி அறிவிக்கப்பட்ட அமைப்புகளின் உரிமையாளர் ஆண்டுக்கு ஒரு முறையாவது இடர் மதிப்பீடும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும்.

திட்டம் அடுத்த வாரம் வெளியாக வேண்டும், ஒரு பாதுகாப்புக் குறை இன்னும் தீரவில்லை. விதிவிலக்குக் கொடுக்கலாமா?

இந்தப் பணியின் உயிர்நாடி இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து. வரைபடங்கள் அழகாக இருக்கலாம், தரநிலைகள் நூறு பக்கம் இருக்கலாம்; ஒரு வங்கியின் உண்மையான பாதுகாப்பு நிலையை அறிய எனக்கு ஒரே ஓர் ஆவணத்தைக் காட்டினால் போதும் என்றால், விதிவிலக்குப் பதிவேட்டைத்தான் கேட்பேன். யார், எந்தக் குறையை, எவ்வளவு காலத்துக்கு, எந்தக் காரணத்தால் சகித்துக்கொண்டார்கள் என்ற வரலாறு அங்கேதான் இருக்கிறது.

கொடுக்கலாம். விதியே அதற்கு இடம் வைத்திருக்கிறது: ஓர் அமைப்பு பாதுகாப்புத் தரநிலைக்கு இணங்க முடியாத நிலையில் இருந்தால், அதனால் வரும் இடரைக் குறைக்கும் கட்டுப்பாடுகளை ஏற்படுத்த வேண்டும் என்று இணையச் சுகாதார அறிவிக்கை சொல்கிறது. ஆகவே “முடியாது” என்று கதவை அடைப்பது திறமையின் அடையாளமாகாது. அடைத்த கதவைச் சுற்றிக்கொண்டு போக வணிகப் பிரிவுக்கு எப்போதும் ஒரு சந்து தெரியும். அந்தச் சந்தில் நடப்பது எதுவும் பதிவேட்டில் ஏறாது.

நான் கேட்பவை சில. குறையை ஒரு சாதாரண மேலாளருக்கும் புரியும்படி இரண்டு வாக்கியத்தில் எழுத வேண்டும். “டிஎல்எஸ் பழைய பதிப்பு” என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன், “இந்த இணைப்பில் போகும் சம்பளப் பட்டியலை வலையமைப்புக்குள் இருக்கும் ஒருவர் படிக்கக்கூடும்” என்று எழுதினால் மேலே படிப்பேன். ஈடுகட்டும் கட்டுப்பாடு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இனிமேல் வரும் என்ற வாக்குறுதி எதையும் ஈடுகட்டாது. முடிவு தேதி வேண்டும், அந்தத் தேதி திட்டத்தின் பணப் பட்டியலில் ஒரு வரியோடு பொருந்த வேண்டும். பணம் ஒதுக்காத தேதி ஆசையே தவிர ஏற்பாடில்லை. கடைசியாக, இடரை ஏற்றுக்கொள்வதாகக் கையொப்பமிடுபவர், இழப்பு நேர்ந்தால் தன் பிரிவின் கணக்கிலிருந்து அதைத் தாங்க வேண்டியவராக இருக்க வேண்டும். தொழில்நுட்பப் பிரிவினரே தங்களுக்குள் கையொப்பமிட்டுக்கொள்வது, கடன் வாங்கியவனே ஜாமீனும் நிற்பதைப் போன்றது.

புதுப்பித்தலில்தான் எல்லாம் சறுக்குகிறது. ஒரு முறை நீட்டிக்கக் கேட்பது இயல்பு. இரண்டாம் முறை கேட்கும்போது ஒப்புதல் அதிகாரம் ஒரு படி மேலே போக வேண்டும் என்று எங்கள் நடைமுறையில் எழுதியிருக்கிறோம். தன் மேலதிகாரியிடம் போய் விளக்க வேண்டும் என்று தெரிந்ததும், ஓராண்டாகக் கிடைக்காத பொறியாளர் நேரம் சில வாரங்களில் கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளரை ஏமாற்றும் குறுஞ்செய்தி மோசடிக்கும் கட்டமைப்புக்கும் என்ன தொடர்பு? வங்கியின் கணினிக்குள் யாரும் நுழையவில்லையே?

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். வங்கியின் சர்வர் எதுவும் உடைக்கப்படவில்லை. உண்மையான செய்திகள் வரும் அதே இழையில் போலிச் செய்தியும் வந்து விழுந்தது, மக்கள் இணைப்பைத் தட்டிப் போலித் தளத்தில் விவரங்களைக் கொடுத்தார்கள், மோசடிக்காரர் தம் கைப்பேசியில் மின்னிலக்க டோக்கனை (பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் வசதியை) தொடங்கிவிட்டார். வங்கி நல்லெண்ண அடிப்படையில் இழப்பை முழுமையாக ஈடுசெய்தது; பின்னர் ஆணையம் அதன்மீது கூடுதல் மூலதனத் தேவையையும் விதித்தது.

2022 ஜனவரியில் ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்த நடவடிக்கைகளைப் பாருங்கள். வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தட்டக்கூடிய இணைப்பு இருக்கக்கூடாது. புதிய டோக்கன் செயல்பட குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பணப் பரிமாற்ற அறிவிப்புக்கான தொடக்க வரம்பு 100 வெள்ளி அல்லது அதற்குக் கீழே. அதே ஆண்டில், வாடிக்கையாளரே தம் கணக்கை உடனே முடக்கிக்கொள்ளும் அவசர வசதியும் சேர்ந்தது. இவை அத்தனையும் வடிவமைப்பு முடிவுகள். அதிலும் அந்த 12 மணி நேரம் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது: வேகத்தையே பெருமையாகச் சொல்லி வந்த துறை, வேண்டுமென்றே தாமதத்தைக் கட்டிவைத்தது. தேக்காவில் கடை வைத்திருக்கும் என் மாமா புதுக் கைப்பேசி வாங்கிய அன்று என்னைத் திட்டித் தீர்த்தார். அவர் தூங்கி எழுவதற்குள் மோசடிக்காரன் கணக்கைத் துடைத்துவிடாமல் இருக்கத்தான் அந்தத் தாமதம் என்று விளக்கியபோது அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

2024 டிசம்பர் 16 முதல் பகிர்ந்த பொறுப்புக் கட்டமைப்பு நடப்பில் உள்ளது. அதில் வகுத்த கடமைகளில் வங்கி தவறியிருந்தால், வரையறைக்குள் வரும் மோசடி இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். வங்கி சரியாகச் செய்திருந்து தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் பொறுப்பு அதனுடையது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட வாடிக்கையாளருக்கு அறிவிப்பு உண்மையிலேயே போனதா என்று பதிவுகளிலிருந்து எடுத்துக்காட்டும் திறன் இப்போது நேரடியாகப் பணம் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

“கட்டுப்பாடு இருக்கிறது” என்று திட்டக் குழு சொன்னால் போதாதா?

போதாது. 2018இல் சிங்கப்பூரின் பொது மருத்துவக் குழுமமான சிங்ஹெல்த் அமைப்பிலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டதை விசாரித்த குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் பொதுவில் வெளியானது. மருத்துவமனை விவகாரம் என்று வங்கியாளர்கள் அதை ஒதுக்கிவிடக்கூடாது. தாக்குதலுக்கு முன்பே ஊடுருவல் சோதனையில் பலவீனங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சரிசெய்யும் பணி சரிவர நடத்தப்படாததால் பல ஓட்டைகள் தாக்குதல் நடந்தபோதும் இருந்தன. கண்டுபிடிப்பதற்குச் செலவழித்த பணமெல்லாம் வீண். அதனால்தான் எங்கள் குழுவில் குறையை மூடும் அதிகாரம் திருத்தியவரிடம் இல்லை. கண்டுபிடித்தவர் மறுபடி சோதித்துப் பார்த்த பிறகே மூடப்படும்.

இன்னோர் எடுத்துக்காட்டு 2023 அக்டோபர் 14. தரவு நிலையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் முடங்கின, சுமார் 2.5 மில்லியன் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இரண்டு வங்கிகளிடமும் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது. ஆனால் வலையமைப்பில் இருந்த தவறான அமைப்பு ஒன்றும் இணைப்புக் கோளாறுகளும் அங்கே முழுமையாக மீள விடவில்லை. காகிதத்தில் பார்த்தால் மீட்பு ஏற்பாடு இருந்தது என்றே எவரும் குறித்திருப்பார்கள்.

ஆகவே சான்று என்று நாங்கள் ஏற்பது, கட்டுப்பாடு வேலை செய்ததற்கான தடயத்தை மட்டுமே. தடுக்க வேண்டிய போக்குவரத்தை அனுப்பிப் பார்த்து அது தடுக்கப்பட்டதற்கான பதிவு வேண்டும். ஃபயர்வால் விதியின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஏற்கப்படாது. வங்கிகள் சங்கம் 2018இல் வெளியிட்ட ரெட் டீம் (உண்மைத் தாக்குதலைப் போல நடத்திப் பார்க்கும் பயிற்சி) வழிகாட்டியும் இதே மனப்பான்மையில் எழுந்தது.

கிளவுடுக்குப் போனால் இந்தச் சுமை குறையுமா?

இடம் மாறும். 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் 100 மில்லியனுக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பறிபோனதற்கு, தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வாலும் தேவைக்கு மேல் அணுகல் உரிமை கொடுத்திருந்த ஒரு ‘ரோல்’ (உரிமைத் தொகுப்பு) அமைப்பும் காரணம். கிளவுட் நிறுவனத்தின் கட்டடத்துக்குள் யாரும் புகவில்லை. நன்மையும் உண்டு: அமைப்புகள் நிரலாக இருப்பதால் மாதிரி எடுத்துச் சோதிப்பதை விட்டு, எல்லாவற்றையும் தினமும் சோதிக்க முடிகிறது.

வெளி ஒப்பந்த நிறுவனங்களை எவ்வளவு தூரம் சோதிப்பது?

ஒப்பந்தத் தொகையை வைத்து வரிசைப்படுத்தினால் தவறிவிடுவீர்கள். அவர்கள் கையில் என்ன தரவு இருக்கிறது என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள். 2025 ஏப்ரலில் அச்சிடும் நிறுவனம் ஒன்று ரான்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) தாக்குதலுக்கு உள்ளானபோது, இரு வங்கிகளின் 11,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கடிதங்களும் அறிக்கைகளும் கசிந்திருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. வங்கிகளின் சொந்த அமைப்புகள் பாதிக்கப்படவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம், அச்சு முடிந்த கோப்புகள் எத்தனை நாளில் அழிக்கப்படுகின்றன என்று எங்கள் ஒப்பந்ததாரர்களிடம் கேட்டோம். பதில் உடனே வந்தவர்களைவிட, “பார்த்துச் சொல்கிறோம்” என்றவர்கள் அதிகம்.

குவாண்டம் கணினி வந்தால் இன்றைய மறையீடு (தரவைப் பிறர் படிக்காதபடி மாற்றும் முறை) எல்லாம் உடைந்துவிடும் என்கிறார்களே?

ஆணையம் 2024 பிப்ரவரியில் இதுபற்றி வங்கிகளுக்கு ஆலோசனைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலைக் கழகமான நிஸ்ட் மூன்று புதிய மறையீட்டுத் தரநிலைகளை இறுதிசெய்தது. இப்போதைக்கு வேலை, எங்கெங்கே எந்த மறையீட்டைப் பயன்படுத்துகிறோம் என்ற பட்டியலைத் தயாரிப்பது. சலிப்பான வேலை, அவசியமான வேலை.

இயக்குநர் சபைக்கு என்ன அறிக்கை கொடுப்பது?

“98 விழுக்காடு பேட்ச் இட்டாகிவிட்டது” என்ற வரியை நானும் ஒரு காலத்தில் பெருமையோடு காட்டியிருக்கிறேன். மீதி 2 விழுக்காடு எங்கே என்று ஓர் இயக்குநர் கேட்டார். அதில் பணப் பரிமாற்ற அமைப்பின் சர்வர்கள் சில இருந்தன. அன்றிலிருந்து விழுக்காட்டுக்குப் பதிலாக, தீராத குறைகளில் எந்தெந்த முக்கியச் சேவைகள் மாட்டியிருக்கின்றன என்று பெயர் சொல்லி எழுதுகிறேன். பக்கம் குறைந்தது, கேள்விகள் கூடின.

எந்தச் சான்றிதழ் படித்தால் இந்தக் குழுவில் சேரலாம்?

சிஐஎஸ்எஸ்பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் விண்ணப்பம் முதல் சல்லடையைத் தாண்டும். அதற்கே ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். நேர்காணலில் நான் பார்ப்பது வேறு: ஓர் எளிய பணப் பரிமாற்ற வரைபடத்தைக் கொடுத்து, எங்கே உடைப்பீர்கள் என்று கேட்பேன். சர்வர் அறையில் பத்தாண்டு உழைத்த ஒருவர், சான்றிதழ் ஏதுமின்றி, காப்புப் பிரதி எடுக்கும் கணக்கின் வழியாக உள்ளே போவேன் என்று ஒரே நிமிடத்தில் சொன்னார். அவரைச் சேர்த்துக்கொண்டேன்.

மேலதிகாரியிடம் “இது சரியில்லை” என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எப்படிப் பழகுவது?

ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இது. இங்கே நிர்வாக இயக்குநரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். வாயில் “சார்” வந்து நிற்கும்போது, அதோடு சேர்த்து மறுப்பையும் விழுங்கிவிடுகிறோம். ஆளை எதிர்த்துப் பேச வேண்டாம், ஆவணத்தைப் பேச விடுங்கள் என்பேன். “நான் ஒப்புக்கொள்ளவில்லை” என்பதற்குப் பதிலாக “இந்தச் சோதனையில் இந்த விளைவு வந்தது, இதை யார் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்கலாம். மரியாதை குறையாது, கூட்டத்தில் மௌனம் மட்டும் சற்று நீளும்.

தலைமைப் பொறுப்பு கிடைத்துவிட்டது. முதல் மாதம் எங்கிருந்து தொடங்குவது?

புதிய உத்தி, புதிய வரைபடம், புதிய கருவி எதையும் அறிவிக்காதீர்கள். விதிவிலக்குப் பதிவேட்டைத் திறந்து, மிகப் பழையதை முதலில் வைத்து அடுக்குங்கள். முதல் பத்தின் உரிமையாளர்களையும் நேரில் போய்ப் பாருங்கள். நான் பொறுப்பேற்றபோது பட்டியலின் உச்சியில் இருந்தது, “மூன்று மாதத்துக்கு மட்டும்” என்ற குறிப்போடு ஏழு ஆண்டுகளாக நீண்டு வந்த ஒன்று. கையொப்பமிட்டவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவர் இருந்த பிரிவும் கலைக்கப்பட்டிருந்தது. சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; யாருக்காக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று.